பாட்டுக் கட்டினால் படிப்பு வருமா?



இரவு எட்டு மணி. சமையல் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இப்போதுதான் கொஞ்சம் உட்காருகிறீர்கள். கூடத்தில் உங்கள் மகன் ஆங்கிலப் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிக்கிறான். ‘சாக்கே’ என்கிறான். ‘நாமே’ என்கிறான். உங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பிள்ளை படிக்கிறான் என்ற நிம்மதியோடு காலை நீட்டிக்கொள்கிறீர்கள்.

அவன் படித்தது என்ன தெரியுமா? புத்தகத்தில் ‘கேக்’ என்று இருப்பதைத்தான் ‘சாக்கே’ என்கிறான். ‘நேம்’ என்ற சொல்தான் அவன் வாயில் ‘நாமே’ ஆகிவிட்டது.

இதைக் கேட்டதும் அவனை மண்டு என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் அவன் கெட்டிக்காரன். மலாய்மொழிப் பாடத்திலும் இதே எழுத்துகளை வைத்துத்தான் படிக்கிறான். அங்கே ‘சி’ என்ற எழுத்தைக் கண்டால் ‘ச்’ என்று ஒலிக்க வேண்டும். எழுதியிருக்கிறபடியே கூட்டிப் படித்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். ஆசிரியரும் ‘பாகுஸ்’ என்று பாராட்டுவார். அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கிறது. ஆங்கிலம். எழுத்து அதேதான், சட்டம் மட்டும் மாறிவிட்டது. மாறிய செய்தியை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சற்றுமுன் பாராட்டு வாங்கித் தந்த அதே வழியில் படிக்கிறான்; வகுப்பே சிரிக்கிறது.

தமிழ் அவனை அப்படி ஏமாற்றுவதில்லை. 247 எழுத்துகளையும் அறிந்துகொண்டால், பொருள் தெரியாத சொல்லைக்கூடக் கூட்டிப் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறக்குறைய 44. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேடம் மாற்றும். சில எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொண்டு வாயே திறக்காது. ஏழு வயதில் மூன்று மொழிகளைத் தலையில் சுமந்துகொண்டு வரும் பிள்ளைக்கு, அதுவும் வீட்டிலும் லயத்திலும் கடையிலும் ஆங்கிலமே காதில் விழாத தோட்டத்துப் பிள்ளைக்கு, இது சின்னச் சங்கடமா?

நான் தோட்டப் பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் கற்பித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதுவேன். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதுவார்கள். மறுநாள் சொல்வதெழுதுதல். தவறினால் மீண்டும் பத்து முறை. பிறகு கோடிட்ட இடங்களை நிரப்புதல். நோட்டுப் புத்தகங்கள் பார்க்க அழகாக இருக்கும். மேற்பார்வைக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த நோட்டை மூடிவிட்டு, “நேற்று என்ன செய்தாய், ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்” என்றால் முப்பது வாய்களும் மூடிக்கொள்ளும். என் சிறு வயதில் ஆங்கிலம் கற்பித்தவரும் இப்படித்தான் செய்தார். அவருக்குப் பிரம்பு கூடுதல் துணை. அது ஒன்றுதான் வேறுபாடு.

2014-ஆம் ஆண்டில் எனக்கு நான்காம் ஆண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். அந்த வகுப்பில் ஒரு சிறுமி. பத்து வயது. மெலிந்த உடம்பு. கடைசி மேசை. ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்வாள். ஆனால் மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக்கூடப் படிக்கமாட்டாள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அவளுடைய தாயார் வந்தார். அவர் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். சில நாட்களில் மருந்தடிக்கும் வேலைக்கும் போவார். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

“அவளுக்குப் படிப்பு ஏறாதுங்க டீச்சர். எங்க வம்சத்துக்கே இங்கிலீஷ் வராது. ஆறாம் ஆண்டு முடிஞ்சதும் வீட்டோட நிறுத்திக்கலாம்னு பார்க்கிறோம். கைப்பிள்ளையைப் பார்த்துக்கவும் ஆள் இல்லை.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பிள்ளை, அம்மா சொன்னதை ஒப்புக்கொள்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று எனக்கு இரவு முழுவதும் தூக்கமில்லை. ‘வராது’ என்று அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ஆண்டுதோறும் அட்டையில் சிவப்பு மையால் எழுதி அனுப்பிய நாங்கள்தானே?

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய புத்தகக் கடையில் ‘டீச்சர்’ என்ற பெயருடைய ஆங்கில நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. எழுதியவர் சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற நியூசிலாந்து ஆசிரியை. 1908-இல் பிறந்து 1984-இல் மறைந்தவர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகளுக்குக் கிராமப் பள்ளிகளில் கற்பித்தவர். நூல் வெளிவந்தது 1963-இல். படிக்கப் படிக்க, அவர் எங்கள் தோட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறாரோ என்று தோன்றியது.

அவர் கண்டது இதுதான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாழும் நேர்த்தியான வீடுகளைப் பற்றிய பாடநூலை மாவோரிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அவர்களுக்கு ஓடவில்லை. ‘வா’, ‘பார்’ போன்ற சொற்களைக் கற்க மாதக்கணக்கில் திணறிய ஒரு சிறுவன், தானே விரும்பிக் கேட்ட சொற்களைச் சில நிமிடங்களில் படித்துவிட்டானாம். ஆகவே அவர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் அருகே அழைத்து, “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று கேட்பார். அந்தச் சொல்லை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் கொடுப்பார். மறுநாள் அந்த அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளை சொல்லிவிட்டால் அது அவனுடையது. சொல்லாவிட்டால் அட்டையை வீசிவிடுவார். பிள்ளையைத் திட்டுவதில்லை. அது அவனுக்கு வேண்டிய சொல்லில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் கேட்ட சொற்கள் பெரும்பாலும் அன்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் வந்தவையே. ‘பேய்’ என்ற சொல்லை நிறையப் பேர் கேட்டார்களாம்.

நானும் மணிலா அட்டை வாங்கி, சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டேன். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் முதலில் ஓடிவந்தவன் கேட்ட சொல்லும் ‘பேய்’தான்! அப்புறம் பாம்பு, லாரி, போலீஸ், ஐஸ்கிரீம். செம்பனைக் காட்டில் நாகப்பாம்பு நடமாடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ‘கோப்ரா’ என்ற அட்டை கைக்குக் கை மாறி அழுக்கேறிவிட்டது.

கடைசி மேசைச் சிறுமி ஐந்து நாட்கள் எதையும் கேட்கவில்லை. ஆறாம் நாள் என் காதருகே வந்து, “கையில மாட்டுவாங்களே டீச்சர், அம்மா மருந்தடிக்கப் போறப்போ, அது” என்றாள். ‘கிளவ்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஜி, எல், ஓ, வி, ஈ. எழுத்துக்கும் ஒலிக்கும் சரியாகப் பொருந்தாத சொல். மலாய் முறையில் படித்தால் ‘க்ளோவே’ என்றுதான் வரும். நான் நம்பிக்கையில்லாமல்தான் கொடுத்தேன். மறுநாள் காலை அட்டையைக் காட்டினேன். “கிளவ்” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

நான்கு ஆண்டுகளில் அவள் படித்த முதல் ஆங்கிலச் சொல் அது.

சரி, சொல் வந்துவிட்டது. வாக்கியம் எப்படி வரும்? இங்கேதான் பாட்டு உள்ளே வருகிறது. ‘கட்டுரை எழுது’ என்றால் பிள்ளைகள் மிரள்கிறார்கள். பக்கம் நிரப்ப வேண்டும், இலக்கணம் பிசகக்கூடாது, முன்னுரை முடிவுரை வேண்டும். பாட்டுக்கு அந்தப் பாரம் இல்லை. வரி குட்டையாக இருக்கலாம். சொன்னதையே திரும்பச் சொல்லலாம். பாட்டில் அது குற்றமல்ல, அழகு. ஆங்கிலத்தில் இருபது சொல் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு இதைவிட வசதியான வாகனம் உண்டா, சொல்லுங்கள்!

அமெரிக்காவில் கென்னத் கோக் என்ற கவிஞர் 1968-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதக் கற்றுக்கொடுத்தார். அந்த அனுபவத்தை 1970-இல் நூலாகவும் வெளியிட்டார். அவருடைய வழி மிக எளிது. ஒவ்வொரு வரியும் ‘ஐ விஷ்’ என்று தொடங்கவேண்டும். அதாவது, ‘எனக்கு ஆசை’. எதுகை தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆசையைச் சொன்னால் போதும்.

இதை வகுப்பில் செய்து பார்த்தேன். ஆளுக்கு ஒரு வரி. தெரியாத சொல்லைத் தமிழில் சொன்னால் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். ஒருவன், மழை பெய்தாலும் பள்ளி வேன் மண்சாலையில் புதையாமல் வரவேண்டும் என்றான். ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அப்பா மத்தியானம்வரை தூங்கவேண்டும் என்றாள். வகுப்பின் பெரிய குறும்பன் எழுந்து, “எங்க நாய்க்கும் இங்கிலீஷ் பாடம் இருக்கணும் டீச்சர். அப்பத்தான் அதுவும் திட்டு வாங்கும்” என்றான். எல்லாவற்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். பிறகு வகுப்பே சேர்ந்து படித்தது. முப்பது முறை ‘ஐ விஷ்’ வந்தது. எந்தப் பிள்ளைக்கு இனி அந்த இரண்டு சொல் மறக்கும்? நான் ஐந்து முறை, பத்து முறை எழுத வைத்து ஏறாத சொற்கள் ஒரே பாடவேளையில் ஏறின. எழுதியது தங்கள் வரி என்பதால் படிக்கவும் தயக்கம் இல்லை. பக்கத்து மேசைக்காரன் என்ன ஆசைப்பட்டான் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் அவனுடைய வரியையும் படித்தார்கள். வாசிப்பு என்பது அதுதானே?

ஓசைப் பொருத்தத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழ்ப் பாட்டில் எதுகையும் மோனையும் உண்டு என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களும் தாலாட்டிலும் கும்மியிலும் கேட்டிருப்பீர்கள். மோனை ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் நம் எதுகை வரியின் தலைப்பக்கம் வரும். ஆங்கிலேயர்களுக்கு அது வரியின் வால்பக்கம். நாம் இயைபு என்கிறோமே, அதுதான். இது வெறும் அலங்காரமல்ல. படிக்கும் வழியும் அதற்குள்ளே இருக்கிறது. ‘லைட்’ என்ற சொல்லைக் கற்ற பிள்ளை முதல் எழுத்தை மாற்றினால் ‘நைட்’, ‘ரைட்’, ‘ஃபைட்’ எல்லாவற்றையும் படித்துவிடலாம். நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகளையும் ஒரே நாளில் அடையாளம் கண்டுகொள்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் நானூறு பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 1983-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஒத்த ஓசையைக் காதால் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே நின்றார்கள்.

எங்கள் வகுப்பில் பிறந்த ஓர் இரட்டை வரியைக் கேளுங்கள்: ‘த ரெட் மோட்டார்பைக் ஹாஸ் நோ லைட், ஸோ அப்பா கம்ஸ் ஹோம் பிஃபோர் நைட்.’ சிவப்பு மோட்டார் சைக்கிளுக்கு விளக்கு இல்லை, அதனால் இருட்டுமுன் அப்பா வீடு வந்துவிடுகிறார். ஆங்கில வரிக்குள் ‘அப்பா’ என்று தமிழில் இருக்கிறதே, அதைத் திருத்தவில்லையா என்று கேட்பீர்கள். திருத்தவில்லை. அவனுக்கு இருப்பது அப்பா. அவருக்கு வேறு பெயர் வைக்க நான் யார்?

எல்லாப் பாட்டும் இந்த வேலையைச் செய்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். டாஃபடில் என்ற பூவைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையை நான் மனப்பாடம் செய்தவள்தான். இன்றுவரை அந்தப் பூவை நேரில் கண்டதில்லை. பனி கொட்டும் பாட்டுகளை நம் பிள்ளைகள் ராகத்தோடு ஒப்பிப்பார்கள். ஒரு சொல்லைத் தனியே எடுத்துக் காட்டினால் விழிப்பார்கள். பெயரின் எழுத்துகளை மேலிருந்து கீழாக எழுதி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நல்ல குணத்தை எழுதச் சொல்லும் வழக்கம் ஒன்றும் இருக்கிறது. அகராதியைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தமில்லை.

இப்படி இரண்டு மாதம் போனது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். லாரி ஓட்டுபவர், நியாயமான மனிதர். “டீச்சர், என் பையன் நோட்டுல பாட்டா எழுதி வெச்சிருக்கான். பேய், பாம்பு, நாய். எழுத்துப் பிழை வேற. நீங்க சிவப்புப் பேனாவே எடுக்கலை. சோதனையில பாட்டா கேட்பாங்க?” என்றார். நாலைந்து பேர் ‘ஆமாம்’ போட்டார்கள்.

அவர் கேட்டதில் தவறில்லை. அப்போது ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் இரண்டு பதில் சொன்னேன். ஒன்று, பாட்டும் கதையும் நடிப்பும் நான் கண்டுபிடித்தவை அல்ல. 2011-இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்திலேயே ஆங்கிலத்துக்கு ‘மொழிக்கலை’ என்ற பகுதி இருக்கிறது. நேரமில்லை என்று நாங்கள்தான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாவது, எழுத்துப் பிழை. குழந்தை முதன்முதலில் ‘அம்மா’ என்பதை ‘ம்மா’ என்று சொன்னபோது யாராவது அதன் வாயைப் பொத்தித் திருத்தினீர்களா? முதலில் எழுதட்டும். பிறகு அவனே உட்கார்ந்து நல்ல பிரதி எடுக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்பேன். சுவரில் ஒட்டப்போகும் பிரதியில் ஒரு பிழையும் இருக்காது. தன் பெயர் போட்டுத் தொங்கப்போகிற தாள் என்றால் பிள்ளையே விடமாட்டான்.

அந்தத் தகப்பனார் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. “பார்ப்போம்” என்று சொல்லி உட்கார்ந்தார். அதுவும் நல்ல பதில்தான்.

அந்தச் சிறுமிக்கு வருகிறேன். அவளிடம் இப்போது பதினேழு அட்டைகள் சேர்ந்திருந்தன. மஞ்சள், மரம், இரவு, விரல், ஓட்டை, கையசைத்தல், அம்மா என்று எல்லாம் அவளாகவே கேட்டு வாங்கியவை. ஒரு வெள்ளிக்கிழமை அந்த அட்டைகளை மேசைமேல் பரப்பி, அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். சின்னச் சொற்களை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டாள். மணி அடித்தபோது ஐந்து வரி இருந்தது. அவள் எழுதியதை ஒலியாகவே தருகிறேன்.

மை மதர்ஸ் கிளவ்ஸ் ஆர் யெல்லோ.
தே ஹேங் ஆன் த லைம் ட்ரீ.
ஒன் ஃபிங்கர் ஹாஸ் எ ஹோல்.
அட் நைட் தே வேவ் டு மீ.
ஐ வேவ் பேக்.

என் அம்மாவின் கையுறை மஞ்சள். எலுமிச்சை மரத்தில் தொங்கும். ஒரு விரலில் ஓட்டை. இரவில் அது எனக்குக் கையசைக்கும். நானும் கையசைப்பேன்.

‘ட்ரீ’ என்பதும் ‘மீ’ என்பதும் ஒத்து ஒலிப்பதை அவள் திட்டமிட்டுச் செய்தாளா, தானாக விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த முறை தாயார் பள்ளிக்கு வந்தபோது சுவருக்கு அருகில் அழைத்துப்போனேன். மகள் படித்தாள். விரலை வைத்து, சொல் சொல்லாக, தடுமாறித்தான் படித்தாள். ஆனால் படித்தாள். நான் தமிழில் பொருள் சொன்னேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. “ஓட்டையை நான் யார்கிட்டயும் சொல்லலையே டீச்சர். இது எப்பப் பார்த்துச்சு?” என்றார்.

நான் அந்த ஓட்டையை எழுத்துப் பயிற்சியாக மட்டும் பார்த்திருந்தேன். அந்தத் தாய்க்கு அது தினமும் விரலில் படும் மருந்து. சில நாட்களுக்குப் பிறகு மண்டோரிடம் கேட்டுப் புதுக் கையுறை வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். பாட்டினால் கிடைத்தது என்று நான் பெருமையடிக்கமாட்டேன், கேட்டது அவர்தான். நம் பெண்கள் பல ஆண்டுகள் கையாண்ட பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன். மற்ற மருந்துகளுக்கும் கையுறை வேண்டும், ஓட்டையில்லாத கையுறை.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள்? நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் ‘ஏ’ வாங்கவில்லை. 2016-இல் ஆங்கிலத்தை இரண்டு தாள்களாகப் பிரித்துத் தேர்வு வைத்தார்கள். எழுத்துத் தாளில் ‘சி’, கருத்துணர்தல் தாளில் ‘டி’. ஆனால் இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். ‘வீட்டோடு நிறுத்திக்கொள்வது’ என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டார்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் வீட்டில் என்ன செய்யலாம் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். முதலாவதாக, தமிழை நிறுத்திவிடாதீர்கள். பட்டணத்தில் சில வீடுகளில், பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்று தாய் தகப்பன் தங்களுக்கே பிடிபடாத ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுகிறார்கள். பிள்ளைக்கு இரண்டும் கெட்டுப்போகிறது. கற்பிக்கத் தாய்மொழியே சிறந்த ஊடகம் என்று ஐக்கிய நாட்டு அமைப்பான யுனெஸ்கோ 1953-இலேயே ஓர் அறிக்கையில் சொல்லிவிட்டது. சொல்ல ஏதாவது இருக்கிற பிள்ளைக்குத்தான் எழுதவும் ஏதாவது இருக்கும். அந்தச் ‘சொல்ல இருப்பதை’ நீங்கள் தமிழில்தான் கொடுக்க முடியும். உங்கள் தாத்தா கப்பலில் வந்த கதை, பால்மரக் காட்டில் விடியற்காலையில் கண்ட புலியின் கால்தடம், தீமிதி அன்று பெய்த மழை என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாளைக்கு அவன் அதற்கு ஆங்கிலச் சொல் கேட்டு எங்களிடம் வருவான்.

வீட்டிலேயே ஆங்கிலச் சொல் கொட்டிக் கிடக்கிறது. பிஸ்கட் டின், மைலோ டப்பா, சவர்க்காரத் தூள் பொட்டலம், மோட்டார் சைக்கிள் டாங்கி. ஒரு நாளைக்கு ஒரு சொல்லை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். பழைய நாட்காட்டியின் பின்பக்கம் போதும், காசு செலவில்லை. அவன் எழுதியதைப் பாட்டியிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலமே தெரியாத பாட்டிதான் இதற்கு மிகவும் ஏற்றவர். நடுவில் நிறுத்தித் திருத்தமாட்டார்; காது கொடுத்துக் கேட்பார்; “அதுக்கு என்னடா அர்த்தம்?” என்று கேட்பார். அர்த்தம் சொல்லும்போது பிள்ளைக்கே பாடம் தெளிந்துவிடும். தயவுசெய்து, வாசிக்கும்போது தலையில் குட்டாதீர்கள். ‘சாக்கே’ என்றால், “டீச்சரிடம் கேட்டுவிட்டு வந்து எனக்கும் சொல்” என்று மட்டும் சொல்லுங்கள்.

வயது போய்விட்டது என்று நீங்களும் ஒதுங்கவேண்டாம். முன்னே சொன்ன கென்னத் கோக், பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில், பேனா பிடிக்கவும் முடியாதவர்களை வாயால் சொல்லச் சொல்லி, கவிதைகளாக எழுதி 1977-இல் நூலாக்கினார். எங்கள் தோட்டத்தில் லயங்கள் பாதி காலியாகிவிட்டன. இருப்பவர்களில் பலர் வயதானவர்கள். அவர்களிடம் இருக்கும் கதைகளை நினைத்தால் எனக்கு இப்போதே பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் போல இருக்கிறது.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் அந்தச் சிறுமியின் தாயாரைத் தோட்டத்துக் கோயிலில் கண்டேன். அடையாள அட்டையும் கிளினிக் அட்டையும் வைக்கும் பிளாஸ்டிக் பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகள் கிழியும் தறுவாயில் இருந்தன. எழுத்துகள் மங்கிவிட்டன. கோயில் திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“இதுதானே டீச்சர் ‘ஹோல்’?” என்றார்.

அதுதான்.